வெள்ளைக் கட்டத்தில் வைத்த பொட்டு

எங்கள் வீட்டு ஹாலில், தொலைக்காட்சிக்கு மேலே, ஒரு நீர்வண்ணப் படம் மாட்டியிருக்கிறது. அதில் ஆளில்லை, மரமில்லை, கடலில்லை. சதுரமும் செவ்வகமுமாகக் கட்டங்கள், கட்டத்துக்கு ஒரு நிறம். நீலத்திலேயே பல மாதிரி. பிறகு செங்கல் சிவப்பு, பாசிப்பயற்றுப் பச்சை, கத்தரிப்பூ நிறம். நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம். அந்த வெள்ளைக்குள் ஒரு மஞ்சள் வட்டம், வட்டத்துக்குள் சிவப்பாக ஒரு பொட்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார்கள். என் நாத்தனார் ஒருமுறை, "நம்ம அடுக்குமாடி புளோக்குக்குப் புதுசா பெயிண்ட் அடிக்க டவுன் கவுன்சில்ல கலர் காட்டி ஓட்டுப் போடச் சொல்வாங்களே, அதா அண்ணி?" என்று கேட்டாள். ஆமாம், நீயும் ஒரு ஓட்டுப் போட்டுவிட்டுப் போ என்றேன். வரைந்தவள் நான்தான் என்று தெரிந்ததும் எல்லோரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றையே சொல்வார்கள்: நடுவில் இருக்கும் அந்தப் பொட்டு ரொம்ப நன்றாக இருக்கிறது. மற்றதெல்லாம் என் வேலை. பொட்டு மட்டும் என் கணவர் வைத்தது.

அதைச் சொல்வதற்கு முன் என் வாயைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். நான் ஒரு பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசாங்க பாலிகிளினிக்கில், பதிவு முகப்பில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள். நாள் முழுக்க எண்ணைக் கூப்பிடுவது, கூப்பிட்டும் வராதவர்களைத் தேடுவது, முந்திக்கொண்டு வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவது என்று வாய்க்கு ஓய்வே கிடையாது. அந்தப் பழக்கமோ, பிறவிக் குணமோ, வீட்டிலும் என் வாய் நிற்காது. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டால் திட்டு. காய் வாங்கச் சொன்னால் முற்றின வெண்டைக்காயை வாங்கி வந்ததற்குத் திட்டு. என் கணவர் தேக்கா சந்தைப் பக்கம் ஒரு மளிகை மொத்த வியாபாரியிடம் லாரி ஓட்டியவர். பொறுமைசாலி. முழுக்கக் கேட்டுக்கொண்டு, பிறகு டீ இருக்கிறதா என்பார். எங்கள் வீட்டில் திட்டு என்பது சாயங்கால மழை மாதிரி, அடித்துப் பெய்துவிட்டு அரை மணியில் வெறித்துவிடும். அப்படியேதான் எங்கள் குடும்பம் நடந்துவந்தது, நன்றாகவே நடந்துவந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் காலையில் சமையலறைச் சுவரில் டைல்ஸ் கோடு வளைந்து தெரிந்தது. டைல்ஸ் ஒட்டிய குத்தகைக்காரனை ஒரு பாட்டம் திட்டினேன். அவர் வந்து விரலை வைத்துப் பார்த்து, "நேராத்தானே இருக்கு" என்றார். அவரையும் திட்டினேன். மறுவாரம் செய்தித்தாளில் வரிகள் நடுவில் குழிந்து தெரிந்தபோதுதான் கோளாறு சுவரில் இல்லை என்று புரிந்தது. கண் மருத்துவர் நிறையப் படங்கள் எடுத்துப் பார்த்துவிட்டு, விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிறது என்றார். ஊசி போட்டு நிறுத்துகிற வகை ஒன்று உண்டாம், என்னுடையது அந்த வகை இல்லையாம். நடுப்பார்வை மெல்லப் போகும், ஓரப்பார்வை இருக்கும், நடமாடலாம், ஆனால் படிப்பதும் முகம் பார்ப்பதும் சிரமமாகும் என்று விளக்கினார். எவ்வளவு நாளில் என்று கேட்டதற்கு அவரால் சொல்ல முடியவில்லை. போகும்போது கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு தாளைக் கொடுத்து, காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு இதைப் பாருங்கள், கோடு அதிகமாக வளைந்தால் உடனே வாருங்கள் என்றார். அதை பிரிட்ஜில் ஒட்டிவைத்தேன். காலையில் காப்பிக்கு முன்னால் அந்தக் கட்டங்களைப் பார்ப்பதும், அவை இன்றைக்கு எந்தப் பக்கம் நெளிகின்றன என்று பயப்படுவதும் வழக்கமாகிவிட்டது.

அந்தப் பயத்தில்தான் சமூக மன்றத்தில் நீர்வண்ண வகுப்புக்குப் போனேன். லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். படம் வரைய வேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை ஒன்றும் கிடையாது. கண் இருக்கும்போதே கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு வெறி, அவ்வளவுதான். ஆசிரியை சீனப் பெண், என் மகள் வயதுகூட இருக்காது. வகுப்பில் எல்லோரும் பழைய கடைவீடுகளை வரைந்தார்கள், ஆர்க்கிட் பூக்களை வரைந்தார்கள். நான் வரைந்த கடைவீடு நிலநடுக்கத்தில் மாட்டிய மாதிரி இருந்தது. ஜன்னல் ஒரு பக்கம் போயிற்று, கதவு ஒரு பக்கம் போயிற்று. என் கண்ணில் கோடு நிற்காது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள், வண்ணம் பூசுகிறவர்கள் ஓரத்தில் ஒட்டுகிற காகித டேப் ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். "ஆண்ட்டி, எதையும் வரைய வேண்டாம். டேப்பை ஒட்டுங்கள், நடுவில் நிறத்தைப் பூசுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

ஸ்கேலை வைத்து டேப்பை ஒட்டி விரலால் தடவிப் பார்த்தேன். கண்ணுக்கு வளைந்து தெரிந்தது, விரலுக்கு நேராக இருந்தது. கட்டத்துக்குள் நீலத்தைப் பூசி, காய்ந்ததும் டேப்பை உரித்தேன். ஓரம் கத்தியால் வெட்டினாற்போல் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஆர்க்கிட் வரைந்துகொண்டிருந்த அம்மாள், நிறம் கண்ணில் பட்டுவிட்டதோ என்று டிஷ்யூ கொடுத்தார். ஊரெல்லாம் கோடுகள் நெளிந்துகொண்டிருந்தபோது, அந்தத் தாளில் மட்டும் அவை நான் ஒட்டிய இடத்தில் இருந்தன.

அப்புறம் விடவில்லை. சாப்பாட்டு மேசையைச் சமையலறை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். காலை வெளிச்சத்தில்தான் நிறம் எனக்குச் சரியாகத் தெரியும். ஒரு கட்டம் பூசினால் அது காயும்வரை பக்கத்துக் கட்டத்தைத் தொடக்கூடாது, தொட்டால் ஒன்று மற்றதற்குள் ஓடிவிடும். இந்த ஊர் ஈரத்தில் தாள் லேசில் காயாது. மழை நாளில் தலை உலர்த்தும் இயந்திரத்தை எடுத்துவந்து படத்துக்குக் காற்றுப் பிடிப்பேன். அவர் அந்தப் பக்கமாக வந்து, "இன்னைக்கு என்ன கலரு?" என்று கேட்பார். சாயம் கலங்கின தண்ணீரைக் கொட்டிவிட்டு நல்ல தண்ணீர் வைப்பார். தாள் பறக்கிறது என்று மின்விசிறியை நிறுத்திவிட்டு வியர்வையோடு உட்கார்ந்து பேப்பர் படிப்பார். படம் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொன்னதே இல்லை. கேட்டால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்னான்னுதான் தெரியல" என்பார். அதற்கும் திட்டு வாங்குவார்.

ஆண்டுக் கடைசியில் சமூக மன்றத்தின் முன்கூடத்தில் வகுப்பின் கண்காட்சி வைப்பதாக ஆசிரியை சொன்னாள். பிராஸ் பசாவில் ஓவியச் சாமான் விற்கும் கடைக்குப் போய், கனமான பெரிய தாள் ஒன்று வாங்கிவந்தேன். மனதில் அந்தப் படம் முழுதாக வந்துவிட்டிருந்தது. சுற்றிலும் நிறங்கள், நடுவில் ஒரு கட்டம் மட்டும் சுத்த வெள்ளை. அப்போது என் வலக் கண்ணின் நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை உட்கார ஆரம்பித்திருந்தது. எதைப் பார்த்தாலும் அதன் நடுவில் அழுக்கு. அந்த அழுக்கு இடக் கண்ணுக்கும் வருவதற்குள், நடுவில் அழுக்கே இல்லாத ஒன்றை என் கையால் செய்து, என் கண்ணால் பார்த்துவிட வேண்டும். நான் ஆசைப்பட்டது அவ்வளவுதான். ஆனால் அந்த ஆசை என்னைப் பிடித்து ஆட்டியது.

நீர்வண்ணத்தில் வெள்ளை என்று தனியாக ஒன்றைப் பூசுவதில்லை. தாளைத் தொடாமல் விட்டால் அதுதான் வெள்ளை. ஒரு சொட்டு விழுந்தால் போயிற்று, பிறகு என்ன செய்தாலும் அந்த வெண்மை திரும்பாது. அதனால் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு துண்டு பிளாஸ்டிக்கை ஒட்டிவைத்து, மாதக்கணக்கில் காவல் காத்தேன். அதன் பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. எல்லாக் கட்டங்களும் முடிந்து, ஓரத்தில் ஒரு சில மட்டும் பாக்கி இருந்தபோது, பிளாஸ்டிக்கை எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. அவர் எட்டிப் பார்த்து, "நடுவுல ஏன் காலியா விட்டிருக்க?" என்று கேட்டார். என் வாயில் டேப் துண்டு இருந்தது. "அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அப்புறம் சொல்றேன்" என்றேன். எவ்வளவோ பேசுகிறவள், அதை மட்டும் அப்புறமும் சொல்லவில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஆயுத பூஜை அவருடைய பண்டிகை. லாரி ஓட்டிய காலத்தில் அதைக் கழுவித் துடைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் வைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவார். இத்தனை வருடத்தில் லாரியில் ஒரு கீறல் விழுந்ததில்லை என்றால் அது அந்தப் பொட்டின் மகிமை என்று நம்புகிறவர். ஓய்வு பெற்றதும் லாரி போய்விட்டது, பொட்டு வைக்கிற கை மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு வீட்டில் உள்ளதெல்லாம் அகப்பட்டது. பிரிட்ஜ், சலவை இயந்திரம், ரைஸ் குக்கர், என் தையல் மெஷின், மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினி, ஏர்கான் ரிமோட். ஒரு வருடம் இஸ்திரிப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டு, மறுநாள் என் சேலையில் சந்தனம் ஒட்டி, அதற்கு அவர் வாங்கின திட்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் கேட்டிருக்கும். அவர் சிரித்துக்கொண்டே இருந்தார்.

முதல் நாளே தேக்காவுக்குப் போய் வந்தோம். சிராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் போட்டிருந்தார்கள், கூட்டத்தில் நடக்க முடியவில்லை. லாரிக்காரர் அல்லவா, பின்சந்து பின்சந்தாக அழைத்துப்போனார். பொரி, கடலை, பூ, வாழைப்பழம், சந்தனம், பன்னீர் எல்லாம் வாங்கினோம். மறுநாள் காலையில், "உன் பிரஷ்ஷெல்லாம் எடுத்துக் குடு, சாமிகிட்ட வைக்கணும்" என்றார். கொடுத்தேன். வண்ணப் பெட்டியையும் கொடுத்தேன். அவர் பிரஷ்களை ஒவ்வொன்றாகக் கழுவி, துண்டில் ஒற்றி எடுத்து, வரிசையாக வைப்பதைப் பார்த்துவிட்டு வடை சுடப் போய்விட்டேன்.

"வா, சூடம் காட்டலாம்" என்று கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்தேன். சரஸ்வதி படத்துக்குக் கீழே, நடு நாயகமாக, என் படத்தைப் பலகையோடு சாய்த்து வைத்திருந்தார். பலகைக்குச் சின்னதாக ஒரு மல்லிகைச் சரம். வெள்ளைக் கட்டத்தின் நட்டநடுவில், பன்னீரில் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார். அளவெடுத்தாற்போல் நடுவில் இருந்தது.

"இதுக்கும் வச்சிட்டேன்" என்றார். "நீ பொட்டுக்குன்னு இடம் விட்டு வச்சிருந்தியே, அதுக்குத்தானே?"

எனக்கு வாய் திறந்தது. திட்டு தொண்டைவரை வந்தது. அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு இடக் கண்ணால் முகம் நன்றாகத் தெரியும். நெற்றியில் விபூதி, கட்டைவிரலில் சந்தனம், கண்ணில் ஒரு பெருமை. லாரிக்கு மாலை போட்டுவிட்டு நான்கு அடி தள்ளி நின்று பார்ப்பாரே, அந்தப் பெருமை. இத்தனை நாள் என்னவென்று தெரியாத படத்தை, லாரிக்குச் சமமாக மதித்துச் சாமியின் காலடியில் வைத்துவிட்டு நிற்கிறார். வந்த திட்டை விழுங்கினேன். "சரி, சூடத்தைக் காட்டுங்க" என்றேன்.

பூஜையில் வைத்ததை மறுநாள் காலைவரை எடுக்கக்கூடாது என்பது வழக்கம். நான் அப்படியொன்றும் ஆசாரம் பார்க்கிறவள் இல்லை. பால் பொட்டலம் வெட்ட வேண்டுமென்று பூஜையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்திருக்கிறேன், அவர் முணுமுணுத்துவிட்டு மறுபடி பொட்டு வைத்து உள்ளே வைத்திருக்கிறார். அன்றைக்கும் ஒரு டிஷ்யூவை எடுத்து ஒற்றியிருந்தால் பாதிக்கு மேல் வந்திருக்கும். டிஷ்யூ பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ஒற்றினால் சொல்ல வேண்டும், சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று பயம். சுண்டலைத் தின்றுகொண்டு, சந்தனத்தின் ஈரம் தாளில் ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊறியது, காய்ந்தது, ஓரம் வெடித்தது. அவரோ சுண்டலில் இன்றைக்கு உப்பு சரியாக இருக்கிறது என்றார்.

மறுநாள் விஜயதசமி. அவர் குளிக்கப் போனதும் படத்தை எடுத்து மேசையில் கிடத்தினேன். சந்தனம் உதிர்ந்தது, அதன் மஞ்சள் உதிரவில்லை. குங்குமம் தாளின் நாருக்குள்ளேயே இறங்கிவிட்டது. பஞ்சுக் குச்சியை ஈரத்தில் தொட்டு எடுக்கப் பார்த்தேன், சிவப்பின் ஓரம் ரோஜா நிறமாகக் கசிந்ததுதான் மிச்சம். நான் தேய்த்துக்கொண்டிருந்தபோதே துண்டோடு வந்து நின்றார்.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்லைங்க."

"ஒண்ணுமில்லாமயா தேய்க்கிற? நான் வச்சது தப்பா?"

"ஒண்ணுமில்லைன்னு சொல்றேன்ல."

கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். எதற்காகக் காத்திருந்தார் என்று எனக்கு இப்போது தெரிகிறது. பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு கீழே போனார். மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் மேலே வந்தார், வந்தும் குழம்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிரியையிடம் படத்தை எடுத்துப் போனேன். அவள் என் தோளைத் தொட்டாள். எடுக்க முடியாது, அடர்ந்த நிறம் ஒன்றைப் பூசி மறைக்கலாம் அல்லது புதிதாக ஆரம்பிக்கலாம் என்றாள். மறைக்க எனக்கு மனம் வரவில்லை. புதுத் தாள் வாங்கி டேப் ஒட்டினேன். ஆனால் அதற்குள் கறை இடக் கண்ணுக்கும் வந்துவிட்டது. நீலத்துக்கும் ஊதாவுக்கும் வித்தியாசம் தெரியாமல் பூசி, காய்ந்த பிறகு ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது தாளைச் சுருட்டி அலமாரியின் மேலே போட்டுவிட்டேன். அத்தோடு என் வரைதல் முடிந்தது. இன்னொரு படம் இல்லை என்று தெரிந்தபோது எனக்கு வந்த ஆத்திரம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை.

பொட்டோடுதான் படம் கண்காட்சிக்குப் போனது. அவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். பார்க்க வந்தவர்கள் கடைவீடுகளைத் தாண்டி வந்து என் படத்தின் முன்னால் நின்றார்கள். சொன்னதெல்லாம் பொட்டைப் பற்றித்தான். இவ்வளவு நேர்க்கோட்டுக்கு நடுவில் அந்த ஒரு வட்டம், எப்படித் தோன்றியது உங்களுக்கு என்று கண்ணாடி போட்ட ஒரு சீனப் பெரியவர் கேட்டார். என் கணவர் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். இவர் வைத்தது, எங்கள் வழக்கம் இப்படி என்று ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். அவர் அதற்கு எவ்வளவு ஏங்கினார் என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது. என் வாயில் வந்தது, "ஆக்சிடென்ட்" என்ற ஒரே சொல். பெரியவர் சிரித்தார், நல்ல ஆக்சிடென்ட் என்றார். என் கணவர் சிரிக்கவில்லை. லாரியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர் அவர். பழச்சாறு வைத்திருந்த மேசைக்குப் போய்விட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சந்தனக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். "பிரிட்ஜுக்கு வைக்கலாமா?" என்று கேட்டார். வையுங்கள் என்றேன். "வாஷிங் மெஷினுக்கு?" வையுங்கள் என்றேன். தையல் மெஷின் பக்கம் போகவே இல்லை. அதற்கடுத்த வருடம் சாமிப் படத்துக்கு மட்டும் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டார். நானும் திட்டுவதைக் குறைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஒன்றைத் திட்டாமல் மற்றதைத் திட்டினால் பொய்யாகப் பட்டது. ஈரத் துண்டு கட்டிலில் கிடந்தால் நானே எடுத்து உலர்த்தினேன். பிறகு துண்டு கட்டிலில் கிடப்பதும் நின்றுபோனது. பார்க்கிறவர்களுக்கு ரொம்ப மரியாதையான வீடு. மகள் விடுமுறைக்கு வந்தபோது, "என்னம்மா, ரெண்டு பேரும் இவ்ளோ அமைதியாயிட்டீங்க, நல்லாருக்கு லா" என்றாள். எனக்கு அது நன்றாகவே இல்லை.

பலமுறை சொல்லப் பார்த்தேன். காப்பிக் கடையில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும்போது சொல்லலாம் என்று நினைப்பேன், அவர் எனக்கு மீனில் முள் எடுத்துக் கொடுப்பார். எம்ஆர்டி ரயிலில் சொல்லலாம் என்று நினைப்பேன், என் முழங்கையைப் பிடித்து இடம் தேடி உட்கார வைப்பார். அப்படிப் பார்த்துக்கொள்கிறவரிடம் பழைய சந்தனப் பேச்சை எப்படி எடுப்பது? நாள் ஆக ஆக அது பெரிதாகிக்கொண்டே போனது. கண்ணும் போய்க்கொண்டே இருந்தது. இப்போது இரண்டு கண்ணிலும் நடுவில் சாம்பல்தான். மருத்துவமனையில் ஒரு பெண், பார்க்க வேண்டியதை நேராகப் பார்க்காமல் தலையைத் திருப்பி ஓரத்தால் பார்க்கும் வித்தையைக் கற்றுக்கொடுத்தாள். அவர் வெளியே உட்கார்ந்திருந்தார். வீட்டில் நான் அதைச் சொல்லவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தால் சந்தேகப்படுகிற மாமியார் மாதிரி இருக்கும் என்று வெட்கம். ஆளில்லாதபோது மட்டும் அப்படிப் பார்ப்பேன்.

இந்தத் தீபாவளிக்கு வீடு துடைத்தோம். அவர் ஸ்டூலைப் போட்டு ஏறி, படத்தை இறக்கி, சோபாவில் சாய்த்து வைத்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எதிரே நின்றிருந்தேன். நேராகப் பார்த்தால் சுற்றிலும் நிறங்கள் தெரிந்தன, நடுவில் ஒன்றும் இல்லை. எப்படி வந்ததோ தெரியவில்லை, கேட்டுவிட்டேன்.

"அந்தப் பொட்டு இன்னும் இருக்கா?"

துடைக்கிற சத்தம் நின்றது. "இல்ல" என்றார். "மங்கிப் போச்சு. இப்ப வெள்ளையாத்தான் இருக்கு. சுத்தமா."

நான் ஜன்னலைப் பார்க்கிறவள் போலத் தலையைத் திருப்பினேன். ஓரத்தில் படம் வந்தது. மஞ்சள் வட்டமும் சிவப்பும் கண்காட்சிக்குப் போன அன்று போல அப்படியே இருந்தன. அதன் மேலேயே துணியை வைத்துக்கொண்டு, எனக்கு வெள்ளையாக இருக்கிறது என்கிறார்.

"பொய் சொல்லாதீங்க" என்றேன். அவ்வளவுதான், பிடித்துவைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. "எனக்குத் தெரியுது. அப்படியேதான் இருக்கு. யாராவது பெயிண்டிங் மேல சந்தனத்தை அப்புவாங்களா? ஒரு வார்த்தை கேட்டா என்ன, கை தேஞ்சா போயிடும்? ஈ மொய்க்காம மாசக்கணக்கா காத்து வச்சிருந்தேன். கண்ணு போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு சுத்தமா பாத்துடணும்னு இருந்தேன். அதுல கொண்டுபோய் கட்டை விரலை வச்சீங்களே. ஆக்சிடென்ட்டுன்னு சொன்னதுக்கு முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு ஜூஸ் குடிக்கப் போயிட்டீங்க. நான் யார்கிட்ட போயி அழுவேன்?" இன்னும் என்னென்னவோ சொன்னேன். தையல் மெஷினுக்குப் பொட்டு வைக்காததையும் சொன்னேன், துண்டைக்கூட விடவில்லை. மூச்சு வாங்கி நிறுத்தியபோது அவர் எழுந்து என் எதிரே வந்து நின்றிருந்தார்.

"சுத்தமா பாக்கணும்னுதான் விட்டிருந்தியா?" என்றார். "எனக்குத் தெரியாதும்மா. தப்புன்னு அன்னைக்கே தெரியும். என்ன தப்புன்னுதான் தெரியல." பிறகு, "எதுக்கெல்லாமோ திட்டுவ. அதுக்கு மட்டும் திட்டல. திட்டக்கூட லாயக்கில்லன்னு நீ என்னை ஒதுக்கிட்டன்னு நினைச்சேன்" என்றார்.

குரல் உடைந்திருந்தது. அழுகிறாரா, அல்லது ஒருவழியாகத் திட்டு வாங்கிவிட்டோம் என்று சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள அவர் முகத்தைப் பார்த்தேன். காது தெரிந்தது, சட்டைக் காலர் தெரிந்தது, கையில் துடைக்கிற துணி தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறம்தான் இருந்தது. தலையைக் கொஞ்சம் திருப்பினால் முகம் கிடைத்துவிடும். ஆனால் அந்த நேரத்தில் திருப்பினால், முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். அதனால் திருப்பவில்லை. ஒன்றும் தெரியாத அந்த இடத்தையே நேராகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.